இரண்டடித் தண்டவாளமும் இமயமலை மழையும்

டார்ஜீலிங்குக்குப் போகிறவர்கள் காஞ்சன்ஜங்காவைப் பார்த்துவிட்டு வர நினைக்கிறார்கள். அதனால் வானம் வெளுத்திருக்கும் அக்டோபர், நவம்பரில் ஊர் நிரம்பி வழிகிறது. ஜூன் பிறந்து மழை பிடித்துக்கொண்டால் கூட்டம் கலைந்துவிடும். மலை பார்க்க அந்தக் கணக்கு சரிதான். ஆனால் அங்கே ஓடும் குட்டி ரயிலைப் புரிந்துகொள்ள வேண்டும் என்றால் மழை நாளில்தான் போக வேண்டும் என்பேன். வெயிலில் அந்த நீராவி இன்ஜின் மலையேறுவது சாதாரணக் காரியமாகத் தோன்றும். எவ்வளவு அற்பமான ஒரு பிடிமானத்தை நம்பி அது ஏறுகிறது என்பது தண்டவாளம் நனைந்த பிறகுதான் தெரியவரும்.

டார்ஜீலிங் இமாலய ரயில்வே 1879-இல் கட்டத் தொடங்கி 1881-இல் முடிக்கப்பட்டது. அதற்கு முன்பு சிலிகுரியிலிருந்து மலைக்குச் சாமான் ஏற்றிச் சென்றவை மாட்டு வண்டிகள். சமவெளியில் விற்கிற அரிசி மலை ஏறியதும் யானை விலை ஆனது. கிழக்கு வங்க ரயில்வேயில் அதிகாரியாக இருந்த ஃபிராங்ளின் பிரெஸ்டேஜ் இந்த விலை வித்தியாசத்தைக் காட்டித்தான் ரயில் போட அனுமதி கேட்டார். புதிதாகப் பாதை வெட்டச் செலவாகும் என்பதால், ஏற்கெனவே இருந்த ஹில் கார்ட் சாலையின் ஓரத்திலேயே தண்டவாளத்தைப் பதித்தார்கள். இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே வெறும் 610 மில்லிமீட்டர், அதாவது இரண்டடி. நம் ஊர் அகலப் பாதையின் 1,676 மில்லிமீட்டரில் பாதிகூட இல்லை. நியூ ஜல்பைகுரியில் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 100 மீட்டர் உயரத்தில் புறப்படும் பாதை, கூம் நிலையத்தில் 2,258 மீட்டரைத் தொட்டு, பிறகு சற்று இறங்கி டார்ஜீலிங்கை அடைகிறது. மொத்த நீளம் 88 கிலோமீட்டர். இத்தனை உயரத்தையும் அந்த ரயில் பல்சக்கரத்தின் உதவி இல்லாமல், வழவழப்பான இரும்புச் சக்கரம் வழவழப்பான இரும்புத் தண்டவாளத்தைப் பற்றும் பிடியை மட்டும் வைத்துக்கொண்டு ஏறுகிறது.

வழவழப்பான இரும்பு வழவழப்பான இரும்பைப் பற்றுமா? நீராவி ரயில் பிறந்த காலத்தில் இங்கிலாந்தின் பொறியாளர்கள் பலருக்கு இந்தச் சந்தேகம் இருந்தது. 1812-இல் லீட்ஸ் நகரின் நிலக்கரிச் சுரங்கப் பாதையில் ஜான் பிளென்கின்சாப் பல் வைத்த தண்டவாளத்தையும் பல்சக்கரத்தையும் பொருத்தித்தான் இன்ஜினை ஓட்டினார். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் வில்லியம் ஹெட்லி பல்லே இல்லாத சக்கரம் போதும் என்று செய்து காட்டினார். போதும் என்பது உண்மை. எதுவரைக்கும் போதும் என்பதுதான் கேள்வி.

அந்த எல்லையைக் கணக்கிட பெரிய கணிதம் வேண்டாம். சக்கரம் எவ்வளவு பாரத்தோடு தண்டவாளத்தை அழுத்துகிறதோ, அதன் ஒரு பங்குதான் பிடிமானம். உலர்ந்த தண்டவாளத்தில் அது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. டார்ஜீலிங்கில் இன்றும் ஓடும் 'பி' வகை இன்ஜின்களின் எடை ஏறத்தாழ 15 டன். ஷார்ப் ஸ்டூவர்ட் நிறுவனத்தின் வடிவமைப்பில் 1889-இல் முதன்முதலாக வந்தவை இவை. 1920-கள் வரை 34 இன்ஜின்கள் செய்யப்பட்டன. நான்கே சக்கரங்கள், நான்கும் நீராவியால் இயங்குபவை. தண்ணீர்த் தொட்டி கொதிகலனின் முதுகின்மேல் கவிந்திருக்கிறது. கரியையும் இன்ஜினே சுமக்கிறது. தனி வண்டி கிடையாது. இடத்தை மிச்சப்படுத்தச் செய்த ஏற்பாடு என்று நினைத்துவிடக் கூடாது. தண்ணீரின் எடையும் கரியின் எடையும் இயங்கு சக்கரத்தின்மேல் விழுந்தால்தான் பிடி கிடைக்கும். பின்னால் இழுத்துவரும் பாரம் பிடிமானத்துக்கு ஒரு பைசா தராது.

ஆக 15 டன்னில் மூன்றிலொரு பங்கு, 5 டன் பிடி. நீராவி அந்தச் சக்கரத்தின் விளிம்பில் தரக்கூடிய இழுவிசை ஏறத்தாழ மூன்றரை டன். பிடி ஐந்து, இழுப்பு மூன்றரை. சக்கரம் நழுவாது. இன்ஜின், பெட்டிகள், ஆட்கள் எல்லாம் சேர்த்து 35 டன் என்று வைத்துக்கொள்வோம். 25 மீட்டர் போனால் ஒரு மீட்டர் உயரும் ஏற்றத்தில், புவியீர்ப்பு மட்டும் 1.4 டன் விசையோடு பின்னுக்கு இழுக்கும். வளைவுகளிலும் அச்சுகளிலும் உராய்வதற்கு இன்னும் அரை டன் போகட்டும். இரண்டு டன்னுக்குள் வேலை முடிகிறது. வெயில் நாளில் கவலையே இல்லை.

மழை வந்தால் கணக்கு தலைகீழாகிறது. நனைந்த தண்டவாளத்தில் பிடிமானம் மூன்றிலொரு பங்கிலிருந்து ஆறிலொன்று, ஏழிலொன்று என்று இறங்கிவிடும். 15 டன் இன்ஜினுக்குக் கிடைப்பது இரண்டேகால் டன். தேவை இரண்டு. நூலிழையில் தப்பிக்கிறது என்று நினைத்தால் அதற்குள் இன்னொரு சிக்கல். நீராவி இன்ஜினின் இழுப்பு சீரானதன்று. இரு பிஸ்டன்களும் முன்னும் பின்னும் போய்வர, சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றிலும் இழுவிசை கூடிக் குறையும். சராசரி இரண்டு டன்னாக இருந்தாலும் உச்சம் இரண்டரையைத் தாண்டும். அந்த ஒரு நொடியின் துணுக்கில் சக்கரம் நழுவினால் போதும், பிறகு அது நிற்காது. உருளும் இரும்பைவிட வழுக்கும் இரும்புக்குப் பிடி இன்னும் குறைவு.

இங்கே பலரும் எதிர்பாராத ஒன்று உண்டு. ரயில்காரர்களுக்குக் கொட்டுகிற மழையைவிடத் தூறல்தான் பெரிய தொல்லை. தண்டவாளத்தின்மேல் எப்போதும் மெல்லிய துருப்படலம், எண்ணெய்ப் பிசுக்கு, தூசி எல்லாம் படிந்திருக்கும். கனமழை அவற்றைக் கழுவிக்கொண்டு போய்விடும். மிஞ்சுவது வெறும் தண்ணீர். தூறலோ பனிமூட்டமோ கழுவுவதற்குப் போதாது, குழைப்பதற்குப் போதும். துருவும் ஈரமும் கலந்து பசையாகி, பிடிமானத்தைப் பத்திலொரு பங்குக்குத் தள்ளிவிடும். அப்போது நம் இன்ஜினுக்கு மிஞ்சுவது ஒன்றரை டன். புவியீர்ப்பைச் சமாளிக்கவே அது சரியாய்ப் போகும். கூம் பக்கம் மழைக்காலத்தில் மேகம் தண்டவாளத்தின்மேலேயே உட்கார்ந்திருக்கும். போதாக்குறைக்கு ரயில் பாதை நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் சாலையைக் குறுக்கே கடக்கிறது. ஜீப்புகளின் டயர்கள் சேற்றையும் டீசலையும் தண்டவாளத்தில் அப்பிவிட்டுப் போகும்.

இதற்கு டார்ஜீலிங் ரயில் கண்ட மருந்து மணல். எல்லா நாட்டு இன்ஜின்களிலும் மணல் பெட்டி உண்டு, குழாய் வழியாகச் சக்கரத்தின் முன்னால் மணல் தூவுவார்கள். ஆனால் நனைந்த மணல் குழாயில் அடைத்துக்கொள்ளும். டார்ஜீலிங்கில் மனிதர்களே அந்த வேலையைச் செய்தார்கள். இன்ஜினின் முன்பக்கத்து இரும்புச் சட்டத்தில், இடப்புறம் ஒருவர், வலப்புறம் ஒருவர் என இருவர் உட்கார்ந்துகொண்டு, கையால் மணலை அள்ளித் தண்டவாளத்தின்மேல் விட்டுக்கொண்டே வருவார்கள். டிரைவர், ஃபயர்மேன், கரியை உடைத்துக் கொடுக்கிற ஆள், இவர்களோடு மணல்காரர் இருவர் என, இந்தச் சின்ன இன்ஜினுக்கு ஐந்து பேர். இதைப் பழைய புகைப்படங்களில் பார்க்கும்போது வேடிக்கைக்காக முன்னால் தொற்றிக்கொண்டு வருகிறார்கள் என்றுதான் தோன்றும். உண்மையில் ரயில் ஏறுவதும் நிற்பதும் அவர்கள் கையில் இருந்தது. மணல்துகள் சக்கரத்தின் அடியில் நொறுங்கி, நீர்ப்படலத்தைத் துளைத்து இரும்பைக் கவ்வும். பிடிமானம் மீண்டும் நான்கிலொரு பங்குக்கு ஏறும். அளவு மீறிப் போட்டாலும் ஆபத்து: பின்னால் வரும் பெட்டிகளின் சக்கரங்கள் மணலில் அரைபட்டு, இழுக்க வேண்டிய பாரம் கூடிவிடும். எப்போது போடுவது, எவ்வளவு போடுவது, எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் கைப்பழக்கம். தண்டவாளத்தின் நிறத்தைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

சக்கரம் நழுவும் சத்தத்தை ஒருமுறை கேட்டால் மறக்காது. நிதானமாக, எண்ணிவிடலாம் என்கிற மாதிரி வந்துகொண்டிருந்த 'சுக்... சுக்...' திடீரென்று படபடவென்று ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஓடும். புகைபோக்கியிலிருந்து கரும்புகை குபீரென்று கிளம்பும். ரயில் மட்டும் நகராது. டிரைவர் உடனே ரெகுலேட்டரை மூடி நீராவியை நிறுத்துவார். ஒரு மூச்சு விட்டுவிட்டு, மிக மெதுவாகத் திறப்பார். அந்தக் கரும்புகைக்கு ஒரு காரணம் இருக்கிறது. வேலை முடிந்த நீராவியைப் புகைபோக்கி வழியே ஊதிவிடும்போது, அது தன்னோடு புகையையும் இழுத்துக்கொண்டு போகும்; அந்த இடத்தை நிரப்ப அடுப்புக்குள் காற்று பாயும். அதாவது இன்ஜின் எவ்வளவு வேகமாக மூச்சு விடுகிறதோ அவ்வளவு வேகமாக நெருப்பு எரியும். வெகு நேர்த்தியான ஏற்பாடு. சக்கரம் நழுவும்போது அதே ஏற்பாடு கெடுதலாகிறது. ஊதல் பல மடங்கு வேகமாகி, பாதி எரிந்த கரியை அடுப்பிலிருந்து பிய்த்து வெளியே எறிகிறது. ஃபயர்மேன் கால் மணி நேரம் பாடுபட்டுப் பரப்பிய நெருப்பில் ஓட்டை விழுகிறது. மழை நாளில் கரி அதிகம் தேவைப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். நல்ல நாளிலேயே கரியின் வெப்பத்தில் நூற்றுக்கு ஐந்தாறு பங்குதான் இழுக்கும் வேலையாக மாறுகிறது, மீதியெல்லாம் வானத்துக்கு.

மழை நாளில் இன்ஜின் அவ்வளவு அழகாகத் தெரிவதற்கும் இயற்பியல்தான் காரணம். வெள்ளையாகப் பொங்குவதை நாம் நீராவி என்கிறோம். நீராவிக்கு நிறமே கிடையாது. நிலையத்தில் நிற்கும்போது பாதுகாப்பு வால்வின் வாயைக் கவனியுங்கள்: வாயிலிருந்து ஓரிரு அங்குலம் ஒன்றுமே தெரியாது, அதற்கு மேல்தான் வெண்மை தொடங்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த இடம்தான் நீராவி. வெண்மை, குளிர்ந்து துளியாகிவிட்ட தண்ணீர். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று 30 கிராம் நீராவியைத் தன்னுள் வைத்துக்கொள்ளும். 15 டிகிரியில் 13 கிராம்தான். மழைக்காலக் கூமில் அந்த 13 கிராம் இடமும் ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது. இன்ஜின் விடுகிற துளிகள் ஆவியாகிப் போக வழியில்லாமல், புகைபோக்கிக்கு மேலே நீண்டு தொங்கும். கோடையில் இதே இன்ஜின் இதே அளவு நீராவியை விட்டாலும் பாதி கண்ணிலேயே படாது.

நின்ற ரயில் கிளம்பும்போது முன்பக்கம் இருபுறமும் தரையோடு தரையாக நீராவி சீறிப் பாய்வதையும் பார்க்கலாம். படம் எடுப்பவர்களுக்காகச் செய்வது அன்று அது. குளிரில் நின்ற சிலிண்டருக்குள் நீராவி பட்டதும் தண்ணீராகிவிடும். நீராவி அமுங்கும், தண்ணீர் அமுங்காது. பிஸ்டனுக்கும் மூடிக்கும் நடுவில் தண்ணீர் சிக்கினால் சிலிண்டரின் மூடியே உடையும். ஆகவே முதல் சில சுற்றுகளுக்கு டிரைவர் வடிகுழாய்களைத் திறந்துவைத்து அதை வெளியேற்றுகிறார்.

உயரமான இடத்தில் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடுமே, அதனால் இன்ஜினுக்குச் சக்தி குறையாதா என்று சிலர் கேட்பார்கள். கூமில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 92, 93 டிகிரியிலேயே கொதிக்கும், பருப்பு வேகாது. ஆனால் கொதிகலன் மூடிய பாத்திரம். உள்ளே சதுர அங்குலத்துக்கு 140 பவுண்டு அழுத்தம், 180 டிகிரிக்கு மேல் வெப்பம். வெளியே எந்த உயரம் என்பது அதற்குப் பொருட்டில்லை.

இதுவரை மழையைக் குற்றவாளியாகவே நிறுத்திவிட்டேன். வளைவுகளில் அதுவே உபகாரி. ரயில் சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் இறுகப் பொருத்தப்பட்டவை. ஒன்றின் வேகம் மற்றதிலிருந்து மாற முடியாது. வளைவிலோ வெளித் தண்டவாளம் உள்தண்டவாளத்தைவிட நீளம். முழு வட்டம் ஒன்றைச் சுற்றிவந்தால் எவ்வளவு கூடுதல் என்று பார்த்தால் ஒரு வேடிக்கை: வட்டம் பெரிதோ சிறிதோ, வித்தியாசம் ஒன்றுதான். தண்டவாளங்களுக்கு இடையிலான அகலத்தை 2π-ஆல் பெருக்கினால் வருவது அது. இரண்டடிப் பாதைக்கு 3.8 மீட்டர், அகலப் பாதைக்கு 10.5 மீட்டர். தின்தாரியா நிலையத்துக்கு மேலே உள்ள 'அகனி பாயின்ட்' வளைவின் ஆரம் ஏறத்தாழ 18 மீட்டர்தான். முழு வட்டமே 113 மீட்டர். அதற்குள் 3.8 மீட்டரை எப்படியாவது தேய்த்துத் தீர்க்க வேண்டும். சக்கரத்தின் கூம்பு வடிவம் கொஞ்சம் ஈடுகட்டும், மீதிக்குச் சக்கரம் தண்டவாளத்தில் உரசி வழுக்கியே ஆக வேண்டும். அந்த உரசல்தான் காதைக் கிழிக்கும் கிறீச்சொலி. தண்டவாளம் நனைந்திருந்தால் ஒலி அடங்கிவிடும், தேய்மானமும் குறையும். பெரிய ரயில்வேக்கள் சில இதற்காகவே வளைவுகளில் தண்ணீரோ மசகோ தெளிக்கின்றன. அதோடு, இந்த மலைக்கு ஏன் இரண்டடிப் பாதை என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. அதே வளைவில் அகலப் பாதை போட்டால் பத்தரை மீட்டரைத் தேய்த்துத் தீர்க்க வேண்டியிருக்கும்.

வளையவும் இடமில்லாத சரிவுகளில் பாதை இசட் எழுத்தாக மடிகிறது. ரயில் முன்னோக்கி ஏறி நிற்கும், பின்னோக்கி அடுத்த படிக்கு ஏறும், மறுபடி முன்னோக்கி. இப்படி ஆறு இடங்கள். ஏற்றத்தின் நடுவே, ஈரத் தண்டவாளத்தில், நின்று நின்று கிளம்ப வேண்டும். மணல்காரர்களுக்கு ஓய்வே இல்லாத இடங்கள் இவை.

நம் ஊட்டி மலை ரயில் இதே கேள்விக்கு வேறு பதில் சொன்னது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே 12 மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏற்றம். மேலே சொன்ன 35 டன் ரயிலை அங்கே விட்டால் புவியீர்ப்பு மட்டும் ஏறத்தாழ 2.9 டன் இழுக்கும். ஈரத்தில் கிடைக்கும் இரண்டேகால் டன் பிடியை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அதனால் தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரட்டைச் சட்டம் பதித்து, இன்ஜினில் பல்சக்கரம் மாட்டினார்கள். மழை பெய்தாலும் பல் நழுவாது. அந்த ஏற்பாட்டின் விலையும் அதிகம், வேகமும் குறைவு. டார்ஜீலிங்காரர்கள் சிக்கனமாக, ஏற்றத்தைக் குறைத்துப் பாதையை நீட்டினார்கள். மிச்சத்தை மணலிடம் விட்டார்கள். பொறியியல் நேர்த்தியில் ஊட்டிக்குத்தான் என் ஓட்டு. துணிச்சலில் டார்ஜீலிங்குக்கு. உலகப் பாரம்பரியப் பட்டியலில் டார்ஜீலிங் 1999-இலும் நீலகிரி 2005-இலும் இடம்பெற்றன.

மணலால் தீராத ஒரு வழுக்கல் இருக்கிறது. அது மலையின் வழுக்கல். டார்ஜீலிங்கில் ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை. அதில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பருக்குள் கொட்டித் தீர்க்கும். செங்குத்தான சரிவில் மண் நிற்பது துகளுக்கும் துகளுக்கும் இடையிலான உராய்வினால். இடைவெளிகளில் நீர் நிரம்பினால் அந்த நீரின் அழுத்தம் துகள்களை விலக்கித் தாங்கிப் பிடிக்கும், ஒன்றையொன்று அழுத்தும் பாரம் குறையும், உராய்வு குறையும், ஒரு கட்டத்தில் சரிவு மொத்தமும் கிளம்பிவிடும். சக்கரத்தின் அடியில் நடப்பதும் மலைச்சரிவில் நடப்பதும் பிடிமானத்தை நீர் திருடும் ஒரே கதைதான். 1968 அக்டோபரில் பெய்த பெருமழை மாவட்டத்தையே உலுக்கியது. 2010 ஜூனில் பாக்லாஜோராவில் சரிந்த நிலம் சாலையையும் தண்டவாளத்தையும் சேர்த்து அடித்துக்கொண்டு போனது. மறு ஆண்டு தின்தாரியா பக்கம் இன்னொரு சரிவு. நியூ ஜல்பைகுரியிலிருந்து டார்ஜீலிங்வரை மறுபடி முழுப் பாதையில் ரயில் ஓடியது 2015 டிசம்பரில்தான். மழைநீரை ஓரக் கால்வாயில் சேர்த்து மண்ணுக்குள் இறங்கவிடாமல் வடித்துவிடுவது இந்தப் பாதையைக் காப்பதில் இன்ஜின் பராமரிப்பைவிட முக்கியமான வேலை. ஆனால் இன்ஜினுக்குப் பெயின்ட் அடிப்பதுதான் படத்தில் விழுகிறது.

மழைக்காலத்தில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நியூ ஜல்பைகுரியிலிருந்து கிளம்பும் முழுநீளப் பயணத்தை நம்பித் திட்டம் போடாதீர்கள். நிலச்சரிவால் அந்த மாதங்களில் அது அடிக்கடி நின்றுபோகும், ஓடினாலும் இழுப்பது டீசல் இன்ஜின். டார்ஜீலிங்கிலிருந்து கூமுக்குப் போய்த் திரும்பும் சுற்றுலா ரயிலில் நீராவியும் உண்டு, டீசலும் உண்டு, கட்டணம் வேறு வேறு. டிக்கெட் எடுக்கும்போது நீராவி என்று கேட்டு எடுங்கள். இன்ஜினுக்கு அடுத்த பெட்டியில், ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவைத்து உட்காருங்கள். போகும்போதுதான் ஏற்றம், சக்கரம் நழுவினால் அப்போதுதான் நழுவும்.